நோட்டில் தங்கிய பதினாலு நாள்

என் பெண்டாட்டி ராமாயி போன பிப்ரவரி மாதம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினாலு நாள் தங்கியிருந்தாள். மூன்று வேளை சாப்பாடு போட்டார்கள், இரண்டு வேளை கை கால் நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்தார்கள், தினம் பிரஷர் பார்த்தார்கள். எல்லாம் நோட்டில் இருக்கிறது. அந்தப் பதினாலு நாளும் அவள் என் வீட்டுக் கூடத்தில், இதே கட்டிலில் படுத்தபடி, நான் வைத்த ரசத்தில் புளி போதவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் நோட்டு பொய் சொல்கிறது என்று நான் வாய் திறக்க முடியாது. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே கையெழுத்துப் போட்ட வைரக்கண்ணு நான்தான்.

எப்படிப் போட்டேன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு முட்டாள் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ராமாயி சொல்லாததையா நீங்கள் சொல்லிவிடப் போகிறீர்கள்.

குடவாசலுக்கும் கூத்தாநல்லூருக்கும் இடையில் இருக்கிறது எங்கள் அகரக்கொத்தங்குடி. எனக்கு அறுபத்து மூன்று வயது. அப்பா ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் உழைத்தார். எனக்குச் சொந்தமாக இரண்டு ஏக்கர் உண்டு, ஒரு ஏக்கர் குத்தகைக்குப் பார்க்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், சம்பா அறுவடை முடிந்து களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தபோது ராமாயி அப்படியே சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சு மட்டும் போகவில்லை. மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்தால் ஆளை உரித்துத் தொங்கப் போட்டுவிடும். ஒரே பெண் கயல்விழிக்கு ஓசூரில் கம்பெனி வேலை, கையில் பத்து மாதக் குழந்தை. ஆக, எல்லாம் நான்தான். தூக்கி உட்காரவைப்பது, கழிப்பறைக்குக் கொண்டுபோவது, குளிப்பாட்டுவது, புடவை சுற்றிவிடுவது. சடை பின்னவும் பழகிக்கொண்டேன். என் முதல் பின்னலைத் தடவிப் பார்த்துவிட்டு, வைக்கோல் பிரி இதைவிட நன்றாக இருக்கும் என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாக ஒரு அறை கட்டினார்கள். துணையிருப்போர் ஓய்வுத் திட்டம் என்று பெயர். என்னைப் போல வீட்டில் படுக்கையாகக் கிடப்பவரைப் பார்த்துக்கொள்கிறவன், வருஷத்துக்குப் பதினாலு நாள் நோயாளியை அங்கே ஒப்படைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம், இல்லையென்றால் சும்மா தூங்கலாம். இரண்டு கட்டில், காற்றுப் படுக்கை, சக்கர நாற்காலி, பகலுக்கு ஒரு பணியாளர், இரவுக்கு ஒரு பணியாளர். ரிப்பன் வெட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள், பூட்டினார்கள். பூட்டு மட்டும் நன்றாக வேலை செய்தது.

பகல் பணியாளர் வானதி, எங்கள் தென்கரைத் தெருப் பெண். ஒப்பந்த வேலை. இரவுப் பணியாளர் என்று எவரையும் நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. ராத்திரி பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் நோயாளியைச் சேர்க்க முடியாது என்பதால் அறையும் திறக்கவில்லை. வானதி பாவம், சும்மா உட்கார மனமில்லாமல் வீடு வீடாக வந்து மாத்திரை கொடுப்பாள், ராமாயியின் காலை நீட்டி மடக்கிவிடுவாள். நல்ல பெண். அதுதான் வினையாகிப் போனது.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் நீள நோட்டோடு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"பெரியப்பா, நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் வராங்க. நோட்டு வெள்ளையா இருந்தா இந்த ஊருக்கு ரூமே தேவையில்லன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. ரூமும் போயிடும், என் வேலையும் போயிடும். பெரியம்மா பேருல பதினாலு நாள் எழுதிக்கிட்டு வந்திருக்கேன். ஒரு கையெழுத்து போட்டுக் கொடுங்க."

எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. வீடு தேடி வந்தவர்கள் கையெழுத்துக் கேட்டால், எதற்கு என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பான். கிராம சபையிலேயே கூட்டம் தொடங்கும் முன் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுவோம்; தீர்மானத்தைப் பிறகு ஆற அமர எழுதிக்கொள்வார்கள். அப்படிப் பழகிய கை. நானும் போட்டேன். போட்டதோடு விட்டேனா? "எல்லாம் ஒரே பேனாவுல இருந்தா சந்தேகம் வரும் பாப்பா, பாதிக்குக் கறுப்பு மை போடுறேன்" என்று யோசனை வேறு சொன்னேன். வானதி காலில் விழாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ஒரு பெண்ணின் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு அன்றைக்கு நெஞ்செல்லாம் குளிர்ந்து போயிருந்தது.

அடுத்த மாதங்களில் என் இடது தொடை இடுக்கில் ஒரு வீக்கம் தட்டியது. ராமாயியைத் தூக்கும்போதெல்லாம் புடைத்து வரும், படுத்தால் உள்ளே போய்விடும். வேட்டிக்கு மேல் ஒரு கையால் அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் அவளைத் தூக்கினேன். சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது?

ஆடி மாதம் ஒரு காலை, குளியலறையில் அவளைத் தூக்கி நிறுத்தியபோது உள்ளே ஏதோ பிடுங்கிக்கொண்டது போல் ஆனது. அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, அவளை நாற்காலியில் சாய்த்த பிறகுதான் விழுந்தேன். வீக்கம் கல் மாதிரி இருந்தது, உள்ளே போகவில்லை. ராமாயி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடிவந்து என்னை மோட்டார் சைக்கிளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

புதிதாக வந்திருந்த டாக்டர் மதிவாணன் சின்ன வயசு. என்னைப் படுக்கவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அரை மணி நேரம் அமுக்கி அமுக்கி அதை உள்ளே தள்ளினார். எனக்கு உயிர் போய் வந்தது.

"குடலிறக்கம்ங்க. இந்த வாட்டி உள்ள போயிடுச்சு. அடுத்த வாட்டி மாட்டிக்கிச்சுன்னா சில மணி நேரத்துல குடல் அழுகிடும். உயிருக்கே ஆபத்து. இனிமே யாரையும் தூக்கக் கூடாது. திருவாரூர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், ஆபரேஷன் பண்ணிக்கோங்க."

"பண்ணிக்கிறேங்க. எத்தனை நாளாகும்?"

"போக வர, புண் ஆற... ரெண்டு வாரம் வீட்டம்மாவைப் பார்த்துக்க வேற ஆள் வேணும்."

எனக்கு உடனே பொறி தட்டியது. "அதுக்குத்தானே சார் அந்த ரூமு! பதினாலு நாள்! எங்க வீட்டம்மாவை அங்க சேத்துக்குங்க."

டாக்டர் என்னையே பார்த்தார். பிறகு மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரைத் தட்டினார். "உங்க வீட்டம்மாவுக்கு இந்த வருஷத்துப் பதினாலு நாளும் முடிஞ்சு போச்சுங்களே. பிப்ரவரியிலயே இருந்துட்டாங்க."

என்னத்தைச் சொல்ல! வாயில் மண் விழுந்தது போல் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் குரலைத் தாழ்த்தினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"நாள் மிச்சம் இருந்தாலும் பிரயோஜனம் இல்லைங்க. ராத்திரி ஆள் கிடையாது. நான் வந்ததுலேருந்து ரெண்டு லெட்டர் எழுதிட்டேன், ஆள் போடுங்கன்னு. மேலேருந்து என்ன பதில் தெரியுமா? 'உங்கள் பதிவேட்டின்படி இரண்டு பணியாளர்களுடன் பதினோரு குடும்பங்கள் பயன்பெற்றுள்ளன, திட்டம் திருப்தியாக நடக்கிறது.' நீங்க எல்லாரும் போட்ட கையெழுத்துதான் எனக்கு எதிர் சாட்சி."

கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. அன்றும் வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? கறுப்பு மை போட்ட கையை வைத்துக்கொண்டு யாரைத் திட்டுவது?

வீட்டுக்கு வந்து ராமாயியிடம் சொன்னேன். வீக்கத்தைப் பற்றியும் அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னேன். 

"என்னைத் தூக்கித் தூக்கித்தான் வந்துச்சா?" என்றாள்.

"சேச்சே. நெல்லு மூட்டை தூக்குனது."

"போன வருஷமே மூட்டையெல்லாம் மிஷின்ல ஏத்துனியளே." கண்ணில் தண்ணீர் நின்றது. "நீங்க போயிட்டா எனக்கு யாருங்க? என்னையப் பாக்குறதுக்காகவாவது உசுரோட இருங்க."

இதைக் கேட்டபிறகு ஒரு மனுஷன் சும்மா இருக்க முடியுமா?

சுதந்திர தினத்துக்குக் கிராம சபை வருகிறது. அங்கே சுகாதார அறிக்கை வாசிப்பார்கள். நடுச்சபையில் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன்னால், என்னைப் போலக் கையெழுத்துப் போட்டவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ளக் கடைத்தெருவுக்குப் போனேன். ஜாஃபர் சாதிக் அங்கே செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். சிங்கப்பூரில் நல்ல வேலையில் இருந்தவர். அவர் அம்மா மெஹராஜ் பேகத்துக்கு மறதி முற்றியதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிட்டார். அந்த அம்மா கதவு திறந்திருந்தால் வாய்க்கால் பக்கம் நடந்து போய்விடும். அதனால் ஜாஃபர் இரண்டு வருஷமாக வாசற்படியில் பாய் போட்டுப் படுக்கிறார். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போய் ஆளே பாதியாக இருந்தார்.

"எங்க அம்மா பேருலயும் பன்னண்டு நாள் இருக்குண்ணே" என்றார். "வானதி கேட்டுச்சு, போட்டேன். என்னா பண்றது, அந்தப் பொண்ணுதான் அம்மாவுக்கு நகம் வெட்டிவிடுது."

"சபையில சொல்லப் போறேன். நீங்களும் எழுந்திருப்பியளா?"

தலையைச் சொறிந்தார். "பொய்க் கையெழுத்துன்னு கேஸு கீஸு போட்டா? நான் உள்ள போனா அம்மாவை யாரு பாப்பா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

விஷயம் எப்படியோ வானதி காதுக்குப் போய்விட்டது. கூட்டத்துக்கு முதல் நாள் மாலை வந்தாள். வந்ததும் வராததுமாக அழுகை.

"சொல்லிடாதீங்க பெரியப்பா. நான் வேணும்னா லீவு போட்டுட்டு ரெண்டு வாரம் பெரியம்மா கூடவே இருக்கேன். பைசா வேணாம். எங்க அப்பா சத்தியமா இருக்கேன்."

எனக்கு மனசு இளகிவிட்டது. சரி, காரியம் முடிந்தால் போதும் என்று தலையாட்டப் போனேன். கட்டிலிலிருந்து ராமாயியின் குரல் வந்தது.

"எனக்கு நீ வருவ. அந்த மெஹராஜ் பேகத்துக்கு யாரு வருவா? மேலத்தெருவுல அந்தப் பையன் கழுத்து நிக்காமக் கிடக்கானே, அவன் அம்மாவுக்கு யாரு வருவா? நீ ஒருத்தி எத்தனை வீட்டுக்கு லீவு போடுவ?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ பொய் எழுதுன. இவரு அதுல கையெழுத்துப் போட்டாரு. ரெண்டு பேரும் சேந்து போய்ச் சொல்லுங்க. அழுதுகிட்டே சொன்னாலும் சரி."

வானதி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று ராமாயியின் காலை நீட்டிவிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும் சபை கூடியது. ராமாயி தானும் வருவேன் என்று ஒரே பிடிவாதம். நான் தூக்கக் கூடாதே, தெருப் பையன்கள் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிவந்து முன் வரிசையில் வைத்தார்கள். கல்யாணப் பெண் போல உட்கார்ந்திருந்தாள். ஊராட்சிச் செயலர் வருகைப் பதிவேட்டை நீட்டினார். எல்லாரும் வழக்கம்போல் போட்டார்கள். நான் போடவில்லை. "கூட்டம் முடியட்டும், என்னா எழுதுறீங்கன்னு பாத்துட்டுப் போடுறேன்" என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

ஊராட்சித் தலைவர் மங்களாம்பிகை நல்ல மனுஷி, ஆனால் கூட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று நினைப்பவர். கொசு மருந்து, குடிநீர்த் தொட்டி எல்லாம் முடிந்து, சுகாதார ஆய்வாளர் அறிக்கையைப் படபடவென்று வாசித்தார். "துணையிருப்போர் ஓய்வுத் திட்டத்தின் கீழ் பதினோரு குடும்பங்கள், நூற்று முப்பத்தொரு நாட்கள் பயன்பெற்றுள்ளன. பணியாளர்கள் இருவர், ஊதியமும் உணவுச் செலவும் முழுமையாக வழங்கப்பட்டது." எல்லாரும் கை தட்டினார்கள். அடப்பாவிகளா, எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாமலேயே தட்டுகிறோம்!

எழுந்தேன்.

"தலைவரம்மா, அந்த நோட்டைக் கொண்டாரச் சொல்லுங்க. பேரு பேராப் படிக்கச் சொல்லுங்க."

செயலர் குறுக்கே வந்தார். "பேசறதுக்கு முன்னாடி யோசிச்சுக்குங்க. உங்க கையெழுத்தும் அதுல இருக்கு."

"இருக்குறதுனாலதான்யா கேக்குறேன்! பதினாலு கையெழுத்து. எல்லாம் பொய். ஒரே நாள் காலையில, எங்க வீட்டுக் கூடத்துல உக்காந்து போட்டேன். ஏழுக்கு நீல மை, ஏழுக்குக் கறுப்பு மை. ஜெயில்ல போடுறதா இருந்தா போடுங்க. எங்க வீட்டம்மா அந்த ரூம்ல ஒரு மணி நேரம்கூட இருந்ததில்லை. அந்த ரூமுக்குள்ள என்னா கலர் பெயிண்ட்டுன்னுகூட எனக்குத் தெரியாது!"

பந்தல் கப்பென்று அடங்கியது. மானம் போய்விட்டது என்று நினைத்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

ராமாயி தலையைத் தூக்கினாள். மைக் இல்லாமலேயே எல்லாருக்கும் கேட்டது.

"பதினாலு நாள் சோறு போட்டேன்னு எழுதியிருக்கியளே. அந்தச் சோறு எங்க? கொண்டாங்க. பசிக்குது."

யாரோ சிரித்தார்கள். பிறகு பந்தல் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் பயம் உடைந்தது என்று நினைக்கிறேன். பின்னால் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஜாஃபர் சாதிக் எழுந்து நின்றார்.

"எங்க அம்மாவுக்குப் பன்னண்டு நாள் எழுதியிருக்கு. அதுவும் பொய்தாங்க. அம்மா ஒரு நாளும் அங்க இல்ல. நான் ரெண்டு வருஷமா ஒரு ராத்திரி முழுசாத் தூங்கல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் மேலத்தெருப் பையனின் அம்மா எழுந்தாள். அப்புறம் ஒரு கிழவர். ஒவ்வொருவராகப் பதினோரு குடும்பமும் எழுந்துவிட்டது. தலைவரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் மதிவாணன் தானே போய் நோட்டை எடுத்துவந்து வாசித்தார். கடைசிப் பக்கத்தில் பணியாளர்கள் பெயர் வந்தது.

"பகல், வானதி. இரவு, செந்தாமரை."

"செந்தாமரையா? யாருங்க அது?" என்று பத்துக் குரல் ஒரே சமயத்தில் கேட்டது. எங்கள் ஊரில் அப்படி ஒருத்தி பிறந்ததும் இல்லை, வாழ்க்கைப்பட்டு வந்ததும் இல்லை.

பந்தல் ஓரத்தில் நின்ற வானதி முன்னே வந்தாள். அழுதுகொண்டேதான் பேசினாள், ஆனால் தெளிவாகப் பேசினாள். "செந்தாமரைன்னு யாரும் கிடையாதுங்க. ஆள் அனுப்புற காண்ட்ராக்ட்காரர் அந்தப் பேருல மாசா மாசம் சம்பளம் வாங்குறாரு. கேட்டா உன்னையும் எடுத்துடுவேன்னாரு. நோட்டுல எழுதுனது நான்தான். பெரியப்பா மேல தப்பில்ல. நோட்டு நிரம்பியிருந்தா ரூம் நிலைச்சிடும், ஆள் வந்துடும்னு நினைச்சேன். ரெண்டுமே நடக்கல."

வட்டாரத்திலிருந்து வந்திருந்த மருத்துவ அலுவலர் அதுவரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்தார். விசாரிக்கிறோம், அறிக்கை அனுப்புகிறோம் என்று வழக்கமான பேச்சைத் தொடங்கினார். தலைவரம்மா மேஜையில் தட்டினார். அந்த அம்மாவுக்கு அவ்வளவு கோபம் வரும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"சார், இது மக்கள் காசு. விசாரணையை நீங்க உங்க வேகத்துல பண்ணுங்க. ஒரு மாசத்துல ராத்திரிக்கு ஆள் வரணும். இவங்க பேருல எழுதுன நாளையெல்லாம் அடிச்சுட்டு, புதுசாத் தரணும். இனிமே ஒவ்வொரு சபையிலயும் இந்த நோட்டைப் பேரோட வாசிக்கணும். செயலர், தீர்மானத்தை இப்பவே எழுதுங்க. எழுதி, சத்தமாப் படிங்க. அப்புறம் எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்க."

எழுதினார், படித்தார். மத்தியானம் ஒன்றரை மணி ஆகிவிட்டது, ஒருவர்கூட எழுந்து போகவில்லை. வேட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நானும் நின்று முழுசாகக் கேட்டேன்.

எல்லாம் மறுநாளே நடந்துவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்க் கையெழுத்து. ஒரு மாதம் என்றது இரண்டு மாதம் ஆயிற்று. நடுவில் நானும் டாக்டரும் நாலு தடவை கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். நான் கத்துவேன், அவர் காகிதத்தைக் காட்டுவார். காண்ட்ராக்ட்காரர் மேல் விசாரணை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. வாங்கிய சம்பளம் திரும்பி வருமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு சபையிலும் கேட்போம். எங்களுக்குக் கேஸ் எதுவும் வரவில்லை. தானாக முன்வந்து சொன்னதால் எச்சரிக்கையோடு விட்டார்கள். வானதிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஊரே சேர்ந்து அவளுக்காக எழுதிக் கொடுத்தோம், வேலை தப்பியது. அந்த இரண்டு மாதமும் தெருப் பெண்கள் முறை வைத்து வந்து ராமாயியைத் தூக்கினார்கள். கேட்டிருந்தால் முன்பே வந்திருப்பார்களாம். கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை.

ஐப்பசியில் இரவுப் பணியாளராக நிஜமாகவே ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வானதி சக்கர நாற்காலியில் உட்காரவைத்த ராமாயியை அறைக்குள் தள்ளிப்போனேன். உள்ளே இளம்பச்சைப் பெயிண்ட். காற்றுப் படுக்கையின் பிளாஸ்டிக் உறையை வானதி எங்கள் கண்ணெதிரே பிரித்தாள். இரண்டு பெண்களும் ராமாயியைப் படுக்கவைத்ததும் என் கைக்கு என்ன வேலை என்று தெரியவில்லை. போர்வையை இழுத்துவிட்டேன், தலையணையைத் தட்டினேன், தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி வைத்தேன்.

"கிளம்புங்க" என்றாள் ராமாயி. "இங்க சமையல் உங்களைவிட நல்லாத்தான் இருக்கும்."

வாசல் வரை வந்து திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று தெரிந்தது. போய்த் துடைக்க வேண்டும் போல் இருந்தது, ஆனால் போனால் பஸ்ஸைப் பிடிக்க முடியாது. வானதி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு நடந்தேன்.

திருவாரூர் பெரியாஸ்பத்திரியில் படுக்கை கொடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை மழித்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபரேஷன். ஒன்பது மணிக்கு நர்ஸம்மா கேஸ் ஷீட்டோடு வந்தார்.

"தாத்தா, கூட இருக்குறவங்க யாரு? வரச் சொல்லுங்க."

"நான்தாம்மா" என்று சொல்லிவிட்டேன். மூன்று வருஷமாக எந்த ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும் அதுதான் என் பதில். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நர்ஸம்மா சிரித்தார். "நீங்க பேஷண்ட்டு தாத்தா. உங்க கூட யாரு?"

அப்போதுதான் உறைத்தது. ராமாயிக்கு இடம் பிடிக்க ஊரையே கூட்டிய நான், எனக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நினைக்கவே இல்லை. "யாரும் இல்லம்மா" என்றேன். "எனக்கு எதுக்கு ஆளு? நான் பாத்துக்குவேன்."

"மயக்க ஊசி போடுவாங்க தாத்தா. எழுந்திருக்கக் கூடாது, மருந்து வாங்கி வரணும், ராத்திரி தண்ணி கொடுக்கணும். ஆள் இல்லாம எப்படி? போன் பண்ணி யாரையாவது கூப்பிடுங்க. இல்லன்னா டாக்டர்கிட்ட சொல்லி வேற நாளைக்கு மாத்தணும்."

வேறு நாளா! ராமாயிக்கு இருப்பது பதினாலு நாள், அதில் இரண்டு போய்விட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, கோபத்துக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. போனை எடுத்துக் கயல்விழி நம்பரைத் தேடினேன். ஓசூரிலிருந்து கைக்குழந்தையோடு அவள் எப்போது வந்து சேர்வது? அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

"வைரக்கண்ணு அண்ணன் படுக்கை எதுங்க?" என்று வார்டு வாசலில் ஒரு குரல்.

ஜாஃபர் சாதிக். கையில் பிளாஸ்க், தோளில் துணிப்பை. முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்புகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிந்தது.

"அம்மாவையும் நேத்து ரூம்ல சேத்துட்டேண்ணே, உங்க வீட்டம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலு. ராத்திரி நல்லாத் தூங்கினேன். காலையில எழுந்து என்னா பண்றதுன்னே தெரியல, அம்மாவைப் பாக்க ரூமுக்குப் போனேன். அண்ணி என்னைக் கூப்பிட்டு, இவரு ஆளுன்னு ஒருத்தரையும் கேட்டிருக்க மாட்டாரு, போய்ப் பாருங்கன்னாங்க. முதல் பஸ்ஸைப் பிடிச்சேன்."

நர்ஸம்மா பேனாவை எடுத்தார். "நீங்க இவருக்கு என்னா வேணும்?"

ஜாஃபர் சாதிக் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கூட இருக்குறவன்னு எழுதிக்குங்கம்மா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொட்டுப் பொட்டாக இல்லை, பொலபொலவென்று. பயமா தாத்தா என்று நர்ஸம்மா கேட்டார். இல்லையம்மா, சந்தோஷம் என்றேன். ஜாஃபர் சாதிக் தன் துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார். மூன்று வருஷத்தில் என் முகத்தை இன்னொருவர் துடைப்பது அதுதான் முதல் தடவை. கையைத் தட்டிவிடாமல் அப்படியே படுத்திருந்தேன்.